காற்றடித்த மறுநாள்

2012 டிசம்பர் கடைசி வாரம். சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எங்கள் டீம் லீட் எல்லோருக்கும் ஒரு லிங்க் அனுப்பினார். "வெப் பேஜ்னா இப்படி இருக்கணும், பாத்துக் கத்துக்கோங்க" என்று கூடவே ஒரு வரி. நியூயார்க் டைம்ஸ் அப்போதுதான் வெளியிட்டிருந்த 'ஸ்னோ ஃபால்'. ஜான் பிராஞ்ச் எழுதிய நெடுங்கட்டுரை. திறந்ததும் திரை முழுக்க ஒரு மலைச்சரிவு. அதன்மேல் காற்று வெண்பனியை மெல்லிய புகைபோல இழுத்துக்கொண்டு போகிறது. வீடியோ முடிந்து மறுபடி தொடங்கும் இடம் தெரியவே தெரியாது. நாங்கள் நாலைந்து பேர் ஒரு மானிட்டரைச் சுற்றி நின்றுகொண்டு, அந்த லூப்பை எப்படிச் செய்திருக்கிறார்கள், ஸ்க்ரோல் பண்ணும்போது படம் மட்டும் எப்படித் தனியாக நகர்கிறது என்று கோடைத் திறந்து நோண்டினோம். கட்டுரையை ஒருவர்கூடப் படிக்கவில்லை. அடுத்த வருடம் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பத்திரிகை அலுவலகங்களில் 'இதை ஸ்னோஃபால் பண்ணலாமா' என்று கேட்கிற அளவுக்கு அது வினைச்சொல்லாகவே ஆனது. அப்போதும் நான் படிக்கவில்லை.

படித்தது ஆறு வருடம் கழித்து, சியாட்டிலில். ஒரு பிராஜெக்டுக்காக அங்கே போய், மூன்று குளிர்காலம் இருந்தேன். கட்டுரையில் வரும் ஸ்டீவன்ஸ் கணவாய் எங்கள் அபார்ட்மென்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான கார்ப் பயணம். 2012 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. பெரிய பனிப்புயல் ஓய்ந்திருந்தது. சில நாட்களில் இரண்டு அடிக்கு மேல் புதுப்பனி. அங்கே உள்ள பனிச்சறுக்கு மையத்தின் எல்லைக்கு வெளியே, டனல் கிரீக் என்ற சரிவில் இறங்குவதற்குப் பதினாறு பேர் ஒன்றுசேர்ந்தார்கள். யாரும் கத்துக்குட்டிகள் கிடையாது. தொழில்முறைச் சறுக்காளர்கள், அந்த மலையிலேயே வளர்ந்தவர்கள், பனிச்சறுக்குப் பத்திரிகைகளில் எழுதுபவர்கள். மதியத்தையொட்டி சரிவு உடைந்தது. மூன்று பேர் இறந்தார்கள். காற்றுப்பை முதுகில் கட்டியிருந்த ஒரு பெண், அடித்துச் செல்லப்பட்டும் பிழைத்தார்.

இரண்டாவது முறை அந்தப் பக்கத்தைத் திறந்தபோது முகப்பு வீடியோவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அலங்காரம் என்று நான் நினைத்திருந்த அந்த வெள்ளைப் புகைதான் விஷயமே. காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி, மறுபக்கச் சரிவில் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஆபத்து உருவாகிற காட்சி அது. டனல் கிரீக்கில் காற்றுக்கு எவ்வளவு பங்கு, அடியில் ஏற்கெனவே இருந்த பலவீனமான அடுக்குக்கு எவ்வளவு பங்கு என்பது தனி விவாதம். ஆனால் ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தப் புகையை உற்றுப் பார்த்த ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற கேள்வி வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் வரலாறு.

*

தமிழில் இதைச் சொல்வதில் முதல் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. நமக்கு எல்லாமே பனிதான். மார்கழிக் காலையில் கோலத்தின்மேல் இறங்குவதும் பனி, ஊட்டியில் ஜனவரியில் புல்வெளியை வெளுக்கவைப்பதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. பனிச்சரிவு என்ற சொல்லை நம் தினசரிகள் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டது 2016 பிப்ரவரியில் என்று நினைவு. சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலையில், மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்துபோனார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் 11ஆம் தேதி இறந்துபோனார். அது பனிச்சுவர் உடைந்து விழுந்த விபத்து. நான் இங்கே பேசவரும் வகை வேறு. ஆனால் இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கிறது.

இந்த வேறு வகையை ஜெர்மன்காரர்கள் பனிப்பலகை என்கிறார்கள். சறுக்குபவர்களையும் மலையேறுபவர்களையும் கொல்வது பெரும்பாலும் இதுதான். பஞ்சுபோலத் தளர்ந்த பனி ஒரு புள்ளியில் தொடங்கிச் சரியும். பெரிய சேதம் இல்லாமல் முடிந்தும் போகும். பலகை அப்படியில்லை. ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய ஒரு தகடு, பலவீனமான அடுக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். கடுகு பரப்பிய சாய்வான மேசையில் ஒரு மரப்பலகையை வைத்த மாதிரி. கால் வைக்கிற இடத்தில் அடியடுக்கு நொறுங்கினால், அந்த நொறுங்கல் பலகையின் அடியிலேயே ஓடி, நமக்கு மேலே எங்கோ விரிசல் விடும். பலகையின் நடுவில் நாம் நின்றுகொண்டிருப்போம்.

இந்தப் பலகையைச் செய்கிற கொத்தனார்களில் முக்கியமானவர் காற்று. எப்படி என்பதற்கு என் அம்மாவின் சமையலறையே போதும். ரவையைக் கைப்பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள், விரலைத் திறந்ததும் உதிர்ந்துவிடும். நைசாக அரைத்த அரிசிமாவை அழுத்தினால் பிடித்த பிடியிலேயே நிற்கும். வானத்திலிருந்து அமைதியாக விழும் பனிப்படிகத்துக்கு ஆறு கைகள் உண்டு. கைகளை விரித்துக்கொண்டு அது காற்றிடம் நிறைய விட்டு உட்காரும். பலத்த காற்று அந்தப் படிகங்களைத் தரையோடு உருட்டி, கைகளை உடைத்து, மாவாக்கிவிடுகிறது. அந்த மாவு மறுபக்கத்தில் படியும்போது நெருக்கமாக அடுக்கிக்கொள்கிறது; சில மணி நேரத்திலேயே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. அளவும் சாதாரணமில்லை. வானம் கொட்டுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில் காற்று ஒரு சரிவில் பனியைக் குவிக்க முடியும். மழைமானி மாதிரி ஒரு கம்பத்தை நட்டு 'நேற்று ஒரு அடி பெய்தது' என்று அளந்தவருக்கு, முகட்டுக்கு அந்தப் பக்கம் ஐந்து அடி சேர்ந்திருப்பது தெரியாது. வானமே வெளுத்து ஒரு பொட்டுப் பனிகூட விழாத நாளிலும் இது நடக்கும். தூத்துக்குடிப் பக்கம் தேரியைப் பார்த்திருந்தால் இது புதிதில்லை. மணல் எங்கிருந்தும் புதிதாக வருவதில்லை. ஆடிக்காற்று இருந்ததை எடுத்து இன்னொரு இடத்தில் மேடாக்குகிறது.

பலகைக்கு அடியில் இருக்கும் கடுகும் நமக்குத் தெரிந்ததுதான். ஊட்டியில் மேகமில்லாத, காற்றில்லாத இரவில் புல்நுனியில் வளர்கிற வெள்ளைப் பூ, பனிமலையில் பனியின் மேற்பரப்பிலேயே வளரும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், கண்ணாடி இறகுகள் மாதிரி. அதன்மேல் அடுத்த புயல் பெய்து மூடிவிட்டால், பல வாரங்கள் உயிரோடு புதைந்து கிடக்கும் ஒரு பலவீனம். 2012 பிப்ரவரித் தொடக்கத்தில் ஸ்டீவன்ஸ் கணவாயில் சில தெளிவான குளிர் இரவுகள் வந்துபோயின.

*

மலைக்காரர்களுக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும்தான். எந்தச் சரிவுக்குக் கீழே வீடு கட்டக்கூடாது, எந்தக் காட்டை வெட்டக்கூடாது என்ற ஞானம் ஆல்ப்ஸ் கிராமங்களில் பல தலைமுறைப் பழசு. ஆனால் அது இடத்தைப் பற்றிய அறிவு. 'இந்தச் சரிவு, இன்று, இப்போது எப்படி' என்ற கேள்வி, மனிதர்கள் வேலையில்லாமல் விளையாட்டுக்காகக் குளிர்காலத்தில் மலையேறத் தொடங்கியபிறகுதான் கூர்மையாகிறது. அதைக் கேட்ட ஆரம்பகாலத்தவர்களில் ஒருவர் வில்ஹெல்ம் பவுல்க்கே என்ற ஜெர்மானிய நிலவியலாளர். 1897 ஜனவரியில் பனிச்சறுக்குப் பலகைகளில் பெர்ன் ஆல்ப்ஸைக் கடந்த குழுவில் இருந்தவர். பாறை அடுக்குகளைப் படித்துப் பழகிய கண்ணால் பனியைப் பார்த்தார். முகட்டில் காற்று எப்படிக் கூரை இறவாரம் மாதிரி பனியை வெளியே நீட்டிக் கட்டுகிறது, அதற்குக் கீழே என்ன சேர்கிறது என்று வருடக்கணக்கில் கவனித்தார். காற்றைக் கட்டடம் கட்டுகிறவராகப் பார்க்கும் பார்வை அவருடையது. மேலே நான் கொத்தனார் என்று எழுதியது அவரிடம் கடன் வாங்கியதுதான்.

சுவிட்சர்லாந்து இதை அரசு வேலையாக ஆக்கியது. 1931ல் ஒரு ஆய்வுக்குழு. 1936ல் டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோஹ் என்ற இடத்தில், பனியாலேயே கட்டிய ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை தொடங்கியது. படிகங்களைப் படித்தவரும், ராபர்ட் ஹேஃபெலி மாதிரி மண் இயக்கவியல் படித்த சிவில் எஞ்சினியரும் ஒரே பனிக்குழிக்குள் நின்றார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஒருவர் கையில் பூதக்கண்ணாடி, இன்னொருவர் 'இந்த அடுக்கு எவ்வளவு பாரம் தாங்கும்' என்று கேட்கிறார். பனி என்பது விழுந்த பிறகும் மாறிக்கொண்டேயிருக்கும் பொருள் என்று 1939ல் அந்தக் குழு புத்தகமாகவே எழுதியது. போர் முடிந்த 1945 குளிர்காலத்திலிருந்து, அதுவரை ராணுவத்துக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கை பொதுமக்களுக்கும் வரத் தொடங்கியது.

அதே குளிர்காலத்தில் அமெரிக்காவில், உட்டா மாநிலத்தின் ஆல்ட்டாவுக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். மான்ட்கோமரி அட்வாட்டர். மலைப் படைப்பிரிவில் இருந்து போரில் காயம்பட்டுத் திரும்பியவர், கதை எழுதுகிறவர். வனத்துறையில் பனிக் காவலர் வேலை. ஆல்ட்டா பழைய வெள்ளிச் சுரங்க ஊர். சுரங்கக் காலத்தில் பனிச்சரிவுகள் பலமுறை அடித்த ஊர். இப்போது அங்கே பனிச்சறுக்கு மையம். யாரும் அவருக்கு எதுவும் சொல்லித்தரவில்லை, அமெரிக்காவில் சொல்லித்தர யாரும் இல்லை. ஒவ்வொரு புயலுக்கும் என்னென்ன நடந்தது என்று குறித்துவைத்து, கடைசியில் பத்துக் காரணிகளாகத் தொகுத்தார். பழைய பனியின் ஆழம், அதன் மேற்பரப்பு, புதுப்பனியின் அளவு, எடை, மணிக்கு எவ்வளவு பெய்கிறது, வெப்பநிலை இப்படி. காற்று அதில் ஒன்று. ஏறக்குறைய மணிக்கு 15 மைலுக்கு மேல் காற்று நிலைத்தால் கவனி என்று ஒரு வரம்பும் வைத்துக்கொண்டார். எங்கள் பாஷையில் சொன்னால் அலர்ட் த்ரெஷோல்டு. 1949ல் பீரங்கியைக் கொண்டுவந்து, ஆட்கள் வருவதற்கு முன்பே சரிவைச் சுட்டு விழவைக்கும் வேலையும் அங்கே தொடங்கியது. போரிலிருந்து வந்தவருக்கு அந்த யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை.

அட்வாட்டருக்குப் பின்னால் வந்த எட் லாஷபெல்தான் என் ஆள். 1950-51 குளிர்காலத்தில் டாவோஸ் ஆய்வு நிலையத்துக்குப் படிக்கப் போனார். போன வருடம் அப்படி: ஆல்ப்ஸில் பயங்கரக் குளிர்காலம் என்றே பெயர் பெற்ற வருடம். 265 பேருக்கு மேல் இறந்தார்கள், சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர். அதைப் பார்த்துவிட்டு 1952ல் ஆல்ட்டாவுக்கு வந்து வருடக்கணக்கில் வேலை செய்தார். 1980ல் அவர் எழுதிய ஒரு ஆய்வுக்கட்டுரையை நான் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். அனுபவசாலிகள் பனிச்சரிவை எப்படிக் கணிக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். தகவலை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார். காற்று, பனிப்பொழிவு, வெப்பநிலை எல்லாம் மூன்றாம் வகுப்பு; பல விதமாக அர்த்தம் கொள்ள இடமிருப்பவை. பனியின் உள்ளடுக்குகள் இரண்டாம் வகுப்பு. பக்கத்துச் சரிவு நேற்று விழுந்திருக்கிறது, காலடியில் விரிசல் ஓடுகிறது, பனி 'வூம்ஃப்' என்று அமுங்குகிறது என்பவை முதல் வகுப்பு. அவற்றுக்கு ஒரே அர்த்தம்தான். அனுபவசாலி ஒரே ஒரு அளவை வைத்து முடிவெடுப்பதில்லை. குளிர்காலத்தின் முதல் பனி விழுந்த நாளிலிருந்தே ஓர் ஊகத்தை வைத்துக்கொண்டு, தினமும் புதுத் தகவலால் அதைத் திருத்திக்கொண்டே வருகிறார். இந்த இடத்தில் நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். புயலுக்கு மறுநாள் காலையில்தான் கணிப்புத் தொடங்குகிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

இத்தனை அறிவும் சேர்ந்த பிறகு என்ன ஆனது? 1999 பிப்ரவரி 23, ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் கால்ட்யூர் என்ற கிராமம். ஜனவரி கடைசியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் புயல்கள். நான்கு மீட்டர் அளவுக்குப் பனி. வடமேற்குக் காற்று அதை அள்ளி, ஊருக்கு மேலே இருந்த சரிவில் குவித்துக்கொண்டேயிருந்தது. சாலை மூடியதால் சுற்றுலாப் பயணிகள் ஊரைவிட்டுப் போக முடியவில்லை. மாலை நான்கு மணியளவில் சரிவு உடைந்து ஊருக்குள் வந்தது. 31 பேர் இறந்தார்கள். மறுநாள் பக்கத்தில் வால்சூரில் ஏழு பேர். ஊரில் ஆபத்து மண்டலங்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரைபடமாகப் போடப்பட்டிருந்தன. இறந்தவர்கள் பலர் இருந்த வீடுகள் பச்சையில் இருந்தன. மண்டலத்தை வரைந்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. அவர்களிடம் இருந்த பதிவுகளில், பனி அந்த வீடுகள்வரை வந்ததே இல்லை. அவ்வளவுதான்.

'இதுவரை வரவில்லை' என்பது ஒரு தகவலா? எங்கள் தொழிலில் இது தினசரிப் பிரச்சினை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெஸ்ட் முழுசாக ஓட்டாமல் புரொடக்‌ஷனில் டெப்லாய் பண்ணிவிட்டு ஒன்றும் ஆகாமல் தப்பித்திருக்கிறேன். அடுத்த வாரமும் பண்ணினேன். ஐந்தாவது வாரம் அது என் பழக்கமாகவே ஆகிவிட்டது, ஆறாவது வாரம் அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்துவிட்டேன். என்றாவது உடையும், உடைந்தால் லாக் சொல்லும், திட்டு விழும், கற்றுக்கொள்வேன். பனி லாக் எழுதுவதில்லை. ஆபத்தான சரிவை இருபது முறை கடந்து ஒன்றும் ஆகாமல் வந்தவர், தான் இருபது முறை சரியாகக் கணித்ததாகவே நினைத்துக்கொள்வார். அவர் இருபது முறை தப்பாகக் கணித்து, இருபது முறையும் மலை சும்மா இருந்திருக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல அவருக்கு வழியே இல்லை.

இயன் மெக்கேமன் என்ற அமெரிக்க எஞ்சினியர் இதற்குள் இறங்கினார். விபரம் தெரிந்த நண்பர் ஒருவரைப் பனிச்சரிவில் இழந்த பிறகு அவருக்கு எழுந்த கேள்வி: தெரிந்தவர்கள் ஏன் போனார்கள்? அமெரிக்காவில் முப்பதாண்டு காலத்தில் பொழுதுபோக்குக்காக மலைக்குப் போனவர்களுக்கு நேர்ந்த 715 விபத்துகளின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, பனியை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்தார். 2004ல் வெளியான அந்த ஆய்வில் அவர் பட்டியலிடும் பொறிகள் நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்தவை. பழகின இடம். போவதென்று முடிவுபண்ணிவிட்டோமே. கூட்டத்தில் ஒருத்தர் எக்ஸ்பர்ட், அவர் சொன்னால் சரி. வேறு யாரோ போகிறார்கள், நாமும் போகலாம். மறுநாள் புதுப்பனி கலைந்துவிடும், இன்று விட்டால் கிடைக்காது. என்னைத் தூக்கிவாரிப்போட்டது ஒரு முடிவு: பழக்கமான இடத்தில், பயிற்சி பெற்றவர்களும் பயிற்சியே இல்லாதவர்கள் அளவுக்கே ஆபத்துக்குள் போயிருக்கிறார்கள்.

காற்றடித்த மறுநாளில் இந்தப் பொறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கின்றன. பெரும்பாலும் வானம் நீலமாக இருக்கும். ஒரு வாரம் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் வெளியே வந்திருப்பார்கள். காற்று அடித்துக் கட்டிய சரிவு வழுவழுவென்று, தலையணை மாதிரி உருண்டையாக, ஒரு காலடித் தடம்கூட இல்லாமல் இருக்கும். கால் வைத்தால் புதையாது, திடமாகத் தாங்கும். உடம்பு அதைப் பத்திரம் என்று படிக்கிறது. அந்தத் திடம்தான் பலகை. ஐரோப்பாவில் 1993 முதல் ஐந்து படிகள் கொண்ட ஆபத்து அளவுகோல் இருக்கிறது. ஐந்தில் யாரும் போவதில்லை, நான்கில் பெரும்பாலோர் போவதில்லை. அதிகம் பேர் சாவது மூன்றில், 'கணிசமான ஆபத்து' என்ற படியில். கணிசமான என்ற சொல்லைக் கேட்டு யார் வீட்டில் உட்காருவார்கள்?

டனல் கிரீக்குக்குப் போன பதினாறு பேரிடமும் அன்றைய எச்சரிக்கை அறிக்கை கிடைக்கக்கூடிய தூரத்தில்தான் இருந்தது. பிராஞ்ச் ஒவ்வொருவரிடமும் பேசி எழுதியதில் என்னால் மறக்க முடியாதது இதுதான்: கூட்டம் ரொம்பப் பெரிதாக இருக்கிறதே என்று பலருக்கும் மனதுக்குள் உறுத்தியிருக்கிறது. தன்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கும்போது நாம் என்ன சொல்வது என்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். யாருக்கெல்லாம் உறுத்தியது என்பது பிற்பாடுதான் ஒருவருக்கொருவர் தெரிகிறது.

அதே கணவாயில் 1910 மார்ச் 1 அன்று, வெலிங்டன் நிலையத்தில் நாள்கணக்காகப் பனியில் சிக்கி நின்ற இரண்டு ரயில்கள்மேல் சரிவு விழுந்து 96 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் இன்றுவரை ஒரே பனிச்சரிவில் அவ்வளவு பேர் இறந்ததில்லை. ரயில்வே பிற்பாடு ஊரின் பெயரையே டை என்று மாற்றிவிட்டது. அங்கே ஒருமுறை கோடையில் நடந்திருக்கிறேன். நல்ல நிழல்.

*

என் கதை சின்னது. ஒரு பிப்ரவரி ஞாயிறு, ஸ்னோகுவால்மி கணவாயில் ஸ்னோ லேக்குக்குப் போகும் தடம். நாங்கள் நான்கு பேர். எங்களைக் கூட்டிப்போனவர் அலுவலகத்தில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஈரோட்டுக்கார அண்ணன். அங்கே பன்னிரண்டு வருடமாக இருப்பவர், பனிச்சரிவுப் பயிற்சி எடுத்தவர். வெள்ளியும் சனியும் புயல். ஞாயிறு பளிச்சென்று வெயில். அன்றைய அறிக்கை: மூன்று.

கார் நிறுத்துமிடத்திலேயே அண்ணன் வேலையைத் தொடங்கிவிட்டார். மரங்களின் ஒரு பக்கம் மட்டும் பனி அப்பியிருந்தது; காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது, அப்படியானால் எதிர்ப்பக்கச் சரிவுகளில் சேர்ந்திருக்கும். முகட்டைக் காட்டினார். வெயிலில் அங்கிருந்து வெள்ளைப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. "இன்னும் ஏத்திக்கிட்டே இருக்குது பாருங்க தம்பி" என்றார். தொடக்கத்தில் தடம் என்னவோ பெரிய ஏற்றம் இல்லைதான். ஆனால் அது 35 டிகிரிக்குக் குறையாத சரிவுகளுக்கு அடியால் போகிறது. பனிப்பலகைகள் பெரும்பாலும் உடைவது 30க்கும் 45க்கும் நடுவில். ஏற்றம் குறைந்த தடத்தில் நடப்பவர் தலைக்கு மேலே இருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அரை மணி நேரம் நடந்தோம். நடக்கும்போதே கைத்தடியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு வந்தார். மேலே கெட்டி, ஒரு அடிக்குக் கீழே பொசுக்கென்று உள்ளே போனது. மேலே கெட்டி, கீழே இளக்கம் என்றால் தலைகீழான கேக் மாதிரி, அவருக்கு அது பிடிக்கவில்லை. வழியோரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு குட்டி மேடு இருந்தது, விழுந்தாலும் யாரையும் ஒன்றும் செய்யாத மேடு. அதன்மேல் ஏறிக் குதித்தார். அவர் காலடியிலிருந்து ஒரு விரிசல், கத்தியால் கீறினமாதிரி, இருபது அடிக்கு ஓடியது. சத்தமே இல்லை. லாஷபெல்லின் முதல் வகுப்பை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

"திரும்பிக்கலாமுங்க" என்றார்.

அந்த நேரத்தில் எங்களைத் தாண்டி ஆறேழு பேர் கொண்ட ஒரு குழு சிரித்துக்கொண்டே போனது. அதில் ஒருவன் எங்கள் அலுவலகத்தில் வேறு டீம்காரன், எனக்குத் தெரிந்தவன். கையசைத்தான். எனக்கு மூன்று வாரக் காத்திருப்பு, வாடகைக்கு எடுத்த பனிக்காலணி, ஊருக்கு அனுப்ப ஒரு படம்.

"அவங்கல்லாம் போறாங்களேண்ணா?"

"போறாங்க. அவங்க போறது இந்தச் சரிவப் பத்தி எனக்கு ஒண்ணுஞ் சொல்லலியே தம்பி."

கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. விரிசலைக் கண்ணால் பார்த்த பிறகும் வந்தது. பனிக்குள் புதைந்தவர்களில் 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், 35 நிமிடம் ஆனால் மூன்று பேர்தான் என்று 1994ல் வந்த ஆய்வு சொல்வதை முந்தின வாரம்தான் அண்ணனிடம் கேட்டிருந்தேன். அதுவும் நினைவில் இருந்தது. எதுவும் அந்தக் கோபத்தை ஒன்றும் செய்யவில்லை. திரும்பும் வழி முழுக்கப் பேசாமல் வந்தேன். அவரும் பேசவில்லை, கார் நிறுத்துமிடத்தில் எல்லோருக்கும் ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை அந்த டீம்காரன் படம் காட்டினான். உறைந்த ஏரி, நீல வானம், எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். "நீங்க ஏன் பாதியிலயே திரும்பிட்டீங்க?" என்று கேட்டான். கேலியாகக்கூட இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், ஒரு கால் வந்தது என்று பொய் சொன்னேன்.

மதியம் அண்ணனிடம் கேட்டேன், "அவங்க போயிட்டு வந்துட்டாங்க. அப்போ நாம பண்ணது சரியா தப்பாண்ணா?"

"தெரியாது தம்பி" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை.

அந்த வாரம் முழுக்க, மலைக்குப் போனவர்கள் எழுதிப் போடும் கள அறிக்கைகளைத் தினமும் திறந்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சரிவு விழுந்திருக்க வேண்டும் என்று ஒரு பாதி மனது விரும்பியது. யாருக்கும் எதுவும் ஆகாமல், ராத்திரியில், தானாக. விழவில்லை. புதன்கிழமை மழை பெய்து எல்லாம் கரைந்து இறுகிப்போனது.

ஊர் திரும்பி வருடங்கள் ஆகின்றன. அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். புயல் கழிந்த ஞாயிறுகளில் கார் நிறுத்துமிடத்திலிருந்து முகட்டைப் படம் பிடித்து அனுப்புவார், கூட ஒரு வார்த்தையும் எழுதமாட்டார். இங்கே அப்போது பின்னிரவாக இருக்கும். காலையில் எழுந்ததும், பல் தேய்க்கும் முன்பே, அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி, முகட்டிலிருந்து புகை கிளம்புகிறதா என்று பார்ப்பேன்.